முப்பது ரோஜாக் குச்சிகள், ஆறு கிண்ணங்கள்: சமையலறைப் பொருள்களால் வேர் வருமா?

அத்தை வீட்டில் ஒரு கொடி ரோஜா இருக்கிறது. இளஞ்சிவப்பு நிறம், கொத்துக் கொத்தாகப் பூக்கும், நல்ல வாசனை. என்ன ரகம் என்று அத்தைக்கும் தெரியாது. எப்போதோ யாரிடமோ ஒரு குச்சி வாங்கி ஊன்றியது, இன்றைக்கு மாடிக் கைப்பிடி வரை ஏறி நிற்கிறது. அதில் ஒன்று என் வீட்டிலும் வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பன்னிரண்டு குச்சி வெட்டி வந்தேன். பன்னிரண்டும் செத்துப்போயின. அந்தச் சாவும், அதற்குப் பிறகு கொஞ்சம் ஒழுங்காகச் செய்து பார்த்த இரண்டு சுற்றுகளும்தான் இந்த ஆய்வு.

முதல் சுற்று: எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டது

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் வீடியோக்களில் பார்த்ததுதான். ஒருவர் குச்சியின் அடியைத் தேனில் முக்கினார். இன்னொருவர் உருளைக்கிழங்கில் துளை போட்டுக் குச்சியைச் செருகி, கிழங்கோடு சேர்த்து மண்ணில் புதைத்தார். மூன்றாமவர் இளநீர் ஊற்றினார். தனித்தனியாகவே இவ்வளவு வேலை செய்கிறது என்றால் மூன்றையும் சேர்த்துச் செய்தால் எப்படி இருக்கும்? சேர்த்தே செய்தேன். தேனில் முக்கிய குச்சி, உருளைக்கிழங்குக்குள், தோட்டத்து மண்ணில். வாரத்துக்கு இரண்டு தடவை இளநீர்.

பதினோராம் நாள் கணுக்களில் சிவப்பாகத் துளிர் எட்டிப் பார்த்தது. பதினைந்தாம் நாள் பன்னிரண்டில் ஒன்பது குச்சிகளில் குட்டி இலைகள். உடனே போன் போட்டேன்.

“அத்தை, பிடிச்சிடுச்சு! ஒன்பது துளிர்த்திருக்கு.”

“இலை தானே விட்டிருக்கு? வேரைப் பார்த்தியா?”

“இலை வந்தா வேர் வராம இருக்குமா அத்தை?”

“வரும், வராமலும் இருக்கும். பார்த்துட்டுச் சொல்லு.”

இருபதாம் நாளுக்குமேல் அந்தக் குட்டி இலைகள் காலையிலேயே தலை தொங்க ஆரம்பித்தன. மாலையில் தண்ணீர் விட்டேன், மறுநாளும் தொங்கின. அடியிலிருந்து ஒரு கறுப்பு மேலே ஏறியது. தண்டின் பச்சைக்கும் அந்தக் கறுப்புக்கும் நடுவில் கோடு போட்டதுபோல ஓர் எல்லை. ஒவ்வொரு நாளும் அந்த எல்லை ஒரு விரற்கடை உயர்ந்தது. இருபத்தாறாம் நாள் ஒன்றைப் பிடித்து இழுத்தேன். சேற்றில் நட்ட குச்சிபோல வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில் ஒரு வேர்கூட இல்லை. உருளைக்கிழங்கு கூழாகி, மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டிய நாற்றம். அழுகாமல் தப்பித்த இரண்டு கிழங்குகள் மட்டும் நன்றாக முளைவிட்டிருந்தன. ரோஜா நட்டவனுக்கு உருளைச் செடி கிடைத்தது.

இலை வந்தும் வேர் ஏன் வரவில்லை என்பதற்குக் காரணம் எளிது. தண்டுக்குள் மாவுச்சத்து சேமிப்பு இருக்கிறது. கணுவில் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்கும் மொட்டு அந்தச் சேமிப்பைத் தின்று துளிர்க்கும். அதற்கு வேர் தேவையில்லை. குவளைத் தண்ணீரில் நிற்கும் பூங்கொத்துக் குச்சிகூடத் துளிர்க்கும். ஆனால் வேர் அப்படி மொட்டாக உள்ளே காத்திருப்பதில்லை. வெட்டுவாய்க்கு அருகிலிருக்கும் செல்கள் தங்கள் பழைய வேலையை விட்டுவிட்டு, வேராக மாறுவதற்குப் புதிதாகப் பிரிய வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். இதற்குள் துளிர் சேமிப்பைக் காலி செய்து, இலை வழியாகத் தண்ணீரையும் ஆவியாக்கிவிட்டால் குச்சி திவாலாகிவிடும். நான் கொண்டாடிய பதினைந்தாம் நாள், உண்மையில் கையிருப்பு கரைந்துகொண்டிருந்த நாள்.

இரண்டாம் சுற்று: பிரித்து வைத்துப் பார்த்தது

முதல் சுற்றில் என் பெரிய தப்பு சேர்த்துப் போட்டதுகூட இல்லை. எதுவும் போடாத குச்சி ஒன்றையும் பக்கத்தில் வைக்கவில்லை. பத்து பிழைத்திருந்தாலும் எதனால் பிழைத்தது என்று சொல்ல வழியில்லை.

ஆகவே இந்தத் தடவை பத்துக் கொம்புகள் எடுத்தேன். பூத்து இதழ் உதிர்ந்து நாலைந்து நாளான கொம்புகளாகப் பார்த்து எடுத்தேன். பதம் பார்க்க அத்தை ஒரு வழி சொன்னார்: முள்ளைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளினால் ‘டிக்’ என்று சுத்தமாகக் கழன்று வர வேண்டும். தோலோடு கிழிந்து வந்தால் கொம்பு இன்னும் பிஞ்சு. அசையவே இல்லையென்றால் முற்றிவிட்டது. ஒவ்வொரு கொம்பையும் நுனி, நடு, அடி என்று மூன்று துண்டாக்கினேன். பென்சில் கனம், 15 சென்டிமீட்டர் நீளம், நான்கு கணு. அடி வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே. மேல் வெட்டு கணுவுக்கு அரை சென்டிமீட்டர் மேலே. உச்சியில் மட்டும் ஓர் இலை, அதிலும் இரண்டு சிற்றிலை; மற்றதைக் கிள்ளிவிட்டேன். ஆக 30 குச்சிகள்.

ஆறு கிண்ணங்கள். ஒன்றில் வெறும் தண்ணீர். ஒன்றில் கற்றாழைச் சோறு. மடலை வெட்டி மஞ்சள் பாலை வடியவிட்டுப் பிறகு வழித்தது. ஒன்றில் இரண்டு கப் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி தேன். ஒன்றில் பட்டைத்தூள். ஒன்றில் மஞ்சள்தூளைக் குழைத்த விழுது. கடைசிக் கிண்ணத்தில் உருளைக்கிழங்கு. மனம் கேட்கவில்லை, அதற்கு இன்னொரு வாய்ப்பு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து குச்சி.

தோட்டத்து மண்ணை விட்டுவிட்டேன். தென்னை நார்த்துகள் பாதி, கழுவிய பெருமணல் பாதி. இந்தக் கலவையில் உரம் ஒன்றும் கிடையாது. வேர் இல்லாத குச்சிக்கு உரம் போட்டால் அதை எடுத்துக்கொள்ள வாயே இல்லை, கிருமிக்குத்தான் விருந்து. உள்ளே தெரியும் பிளாஸ்டிக் கப், அடியில் மூன்று துளை, கப்புக்கு ஒரு குச்சி. பென்சிலால் குழி போட்டுப் பிறகு ஊன்றினேன்; நேரடியாகக் குத்தினால் பூசியதெல்லாம் வாயிலேயே வழிந்து நின்றுவிடும். மேலே அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து மூடினேன். வெளிச்சம் நன்றாக வரும், ஆனால் வெயில் நேராக விழாத ஜன்னலோரம்.

ஒவ்வொரு கப்பிலும் இரண்டு விஷயம் எழுதி ஒட்டினேன்: எந்தக் கிண்ணம், கொம்பின் எந்தத் துண்டு. இரண்டாவதை ஏதோ பொழுதுபோகாமல் எழுதினேன். அதுதான் பிறகு கைகொடுத்தது.

நாட்குறிப்பிலிருந்து

முதல் வாரம் சொல்ல ஒன்றுமில்லை. பாட்டிலுக்குள் நீர்த்துளி முத்து முத்தாகப் படிந்திருக்கும். அதுவரை தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. காலையில் ஐந்து நிமிடம் மூடியைத் திறந்து காற்று மாற்றினேன்.

ஒன்பதாம் நாள் தேன் கிண்ணத்துக் கப் இரண்டில் குச்சியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பூசணம். பஞ்சைப் பிய்த்து வைத்ததுபோல இருந்தது. பன்னிரண்டாம் நாள் உருளைக்கிழங்குக் கப்புகளில் ஒரு புளித்த வாசனை. பட்டைத்தூள் குச்சிகளில் பூசணமே இல்லை, அடி வெட்டு சுத்தமாக இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே சுத்தம் என்று பிறகு தெரிந்தது.

பதினெட்டாம் நாள் பொறுமை போய், வெறும் தண்ணீர்க் குச்சி ஒன்றை ஸ்பூனால் கலவையோடு நெம்பி எடுத்துப் பார்த்தேன். செய்யக் கூடாத வேலைதான். ஆனால் பார்த்தது மறக்கவில்லை. வெட்டுவாயின் விளிம்பைச் சுற்றி, தோலுக்கும் கட்டைக்கும் நடுவிலிருந்து, வெள்ளை வெள்ளையாகப் பொரி ஒட்டியதுபோல ஒரு வளையம். தொட்டால் நறநறவென்றிருந்தது. இதுதான் காலஸ், அதாவது காயத்தை மூடும் திசு. பலர் இதையே வேரின் தொடக்கம் என்பார்கள். அப்படியில்லை, காலஸ் வந்தும் வேர் வராத குச்சிகள் உண்டு. ஆனால் குச்சி உயிரோடு, விழிப்போடு இருக்கிறது என்பதற்கு அடையாளம். மெதுவாகத் திரும்ப வைத்தேன்.

இருபத்தொன்பதாம் நாள் காலை, ஒரு கற்றாழைக் கப்பின் சுவரில் வெள்ளைக் கோடு ஒன்று. நூல் ஒட்டியிருக்கிறதோ என்று வெளியில் விரலால் துடைத்தேன். போகவில்லை. உள்ளே இருந்தது. அத்தைக்கு இந்தத் தடவை போன் போடவில்லை, போட்டோ அனுப்பினேன். “இப்போ சரி” என்று பதில் வந்தது.

ஐம்பதாம் நாள் எல்லாவற்றையும் சரிபார்த்தேன். வேர் பிடித்தவை: கற்றாழை 4, வெறும் தண்ணீர் 3, மஞ்சள் 3, தேன் 2, பட்டை 2, உருளைக்கிழங்கு 0. முப்பதில் 14.

கணக்கைத் திருப்பிப் போட்டபோது

இங்கேயே நிறுத்தியிருந்தால் ‘கற்றாழைதான் சிறந்த இயற்கை வேர் ஊக்கி’ என்று நானும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். ஐந்தில் நாலு என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் கப்பில் ஒட்டிய இரண்டாவது சீட்டு இருந்ததே. குச்சிகளைக் கிண்ணத்தை விட்டுவிட்டு, கொம்பின் எந்தத் துண்டு என்று பிரித்து எண்ணினேன்.

நடுத்துண்டு பத்தில் 8 பிடித்திருந்தது. அடித்துண்டு பத்தில் 4. நுனித்துண்டு பத்தில் 2.

உருளைக்கிழங்கை விட்டுவிட்டால், மற்ற ஐந்து கிண்ணங்களுக்குள் இருந்த வித்தியாசத்தைவிட இது பெரியது. அப்புறம் கற்றாழைக்கு எந்தத் துண்டுகள் போயின என்று பார்த்தால், மூன்று நடு, இரண்டு அடி. நுனி ஒன்றுகூட இல்லை. தேனுக்கு ஒரு நடு, ஓர் அடி, மூன்று நுனி. குலுக்கிப் போட்டதாகத்தான் நினைத்தேன். கற்றாழைக் கிண்ணத்தை முதலில் நிரப்பினேன்; தட்டில் நன்றாகத் தெரிந்த குச்சிகளைக் கை தானாக எடுத்திருக்கிறது. கடைசியில் மிஞ்சியவை தேனுக்கும் உருளைக்கும். எனக்குப் பிடித்த மருந்துக்கு நல்ல நோயாளிகளை அனுப்பிவிட்டு, மருந்தைப் புகழ்ந்த கதை.

நடுத்துண்டு ஏன் ஜெயிக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. நுனி இளசு, சேமிப்பு குறைவு, தோல் மெல்லியது, சீக்கிரம் வதங்கும், அழுகலும் எளிதாக ஏறும். அடி முற்றியது, சேமிப்பு நிறைய, ஆனால் செல்கள் வேலை மாற மறுக்கும். நடுவில் இரண்டும் பாதிப் பாதி. ‘அரை முற்றல்’ என்று தோட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

ஒவ்வொரு பொருளும் என்ன செய்தது

முதலில் வேர் எதனால் வருகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1928-இல் டச்சுக்காரரான ஃபிரிட்ஸ் வென்ட், ஓட்ஸ் முளையின் நுனியை வெட்டி ஜெல்லித் துண்டின்மேல் வைத்து, நுனியிலிருந்து ஒரு வளர்ச்சிப் பொருள் ஜெல்லிக்குள் இறங்குவதைக் காட்டினார். அதற்கு ஆக்சின் என்று பெயர். செடியின் இளந்தளிரிலும் மொட்டிலும் உருவாகி, தண்டு வழியாகக் கீழே இறங்கும். குச்சியை வெட்டிவிட்டால் இறங்க வழியில்லாமல் வெட்டுவாயில் தேங்கும். அந்தத் தேக்கம்தான் செல்களை வேராக மாறச் சொல்கிறது. உச்சியில் ஓர் இலையை விட்டுவைப்பதும், குச்சியைத் தலைகீழாக ஊன்றக் கூடாது என்பதும் இதனால்தான். 1935-இல் அமெரிக்காவின் பாய்ஸ் தாம்சன் நிறுவனத்தில் சிம்மர்மனும் வில்காக்சனும், ஆக்சின் வகையைச் சேர்ந்த இண்டோல் பியூட்ரிக் அமிலம் குச்சியில் நன்றாக வேரைத் தூண்டுகிறது என்று கண்டார்கள். இன்று டப்பாவில் வரும் வேர்ப்பொடிகளில் பெரும்பாலும் இருப்பது அதுதான்.

சரி, இப்போது சமையலறைக்கு வருவோம்.

தேனில் குறிப்பிட்டுச் சொல்லும்படி வேர் ஊக்கி ஏதும் இல்லை. அதன் பலம் கிருமியை அண்டவிடாதது. தேனில் தண்ணீர் குறைவு, புளிப்பு அதிகம், அதோடு ஒரு நொதி கொஞ்சம் கொஞ்சமாக ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்கும். ஆனால் இதெல்லாம் கெட்டித் தேனுக்கு. தண்ணீரில் நன்றாகக் கரைத்து ஈரமான கலவையில் வைத்தால் அது சர்க்கரைத் தண்ணீர் ஆகிவிடுகிறது. ஒன்பதாம் நாள் வந்த சாம்பல் பூசணத்துக்கு அதைவிட நல்ல சாப்பாடு எது? பூசுவதென்றால் கரைக்காமல் வெட்டுவாயில் மட்டும் ஒரு தொடு தொட்டால் போதும். நான் இப்போது அதையும் செய்வதில்லை.

பட்டையில் சின்னமால்டிஹைடு இருக்கிறது, பூசணத்தை நன்றாகத் தடுக்கும். பிரச்சினை அதன் மறுபக்கம். பட்டைத்தூள் வெட்டுவாயை உலர்த்துகிறது. நாம் ஈரமாக, விழிப்போடு வைத்திருக்க வேண்டிய அதே செல்களை. என்னிடம் நடுத்துண்டில் காரணமில்லாமல் செத்தது ஒன்றே ஒன்று, அது பட்டைக் குச்சி. எடுத்துப் பார்த்தபோது அடி அழுகவில்லை. காய்ந்து விறகுபோல இருந்தது, காலஸ் வளையமும் இல்லை. ஒரு குச்சியை வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன், ஆனாலும் அன்றிலிருந்து பட்டையை மேல் வெட்டில்தான் தடவுகிறேன். அங்கே உலர்த்துவது நல்லது.

மஞ்சள் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதன் குர்குமின் தண்ணீரில் ஏறக்குறைய கரையவே கரையாது. விழுது மேலே பூச்சாக நின்றது. கெடுதல் இல்லை, பெரிய நன்மையும் தெரியவில்லை. கை மட்டும் இரண்டு நாள் மஞ்சளாக இருந்தது.

உருளைக்கிழங்கை என்னால் மன்னிக்க முடியவில்லை. கிழங்கு ஈரம் தரும், அதனால் குச்சி காயாது என்பதுதான் வாதம். ஈரத்தைக் கலவையே தருகிறது, மூடியும் தருகிறது. வேருக்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும். கிழங்குக்குள் இறுக்கமாகச் செருகிய அடிக்குக் காற்று ஏது? மேலும் அது வெட்டப்பட்ட, மாவுச்சத்து நிறைந்த பொருள். மண்ணில் புதைத்தால் அழுகுவது அதன் இயல்பு. வாழைப்பழமும் தோலும் இதே சாதி: சர்க்கரை, ஈ, அழுகல். வினிகரைக் கரைத்து ஊற்றச் சொல்வார்கள். அளவு தப்பினால் தண்டைச் சுட்டுவிடும், அளவு சரியாக இருந்தாலும் என்ன லாபம் என்று எனக்கு விளங்கவில்லை.

இளநீர்தான் இந்தப் பட்டியலிலேயே சுவாரசியமானது, ஏனென்றால் அதில் வளர்ச்சிப் பொருள் இருப்பது பொய்யில்லை. 1941-இல் வான் ஓவர்பீக்கும் அவருடைய குழுவினரும் ஊமத்தைச் செடியின் இளங்கருவைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்க்கத் தேங்காயின் நீர்மத்தைப் பயன்படுத்தினார்கள். அதிலிருந்து திசு வளர்ப்புக் கூடங்களில் அது பழகிப்போன பொருள். ஆனால் அதில் பேர் போனது சைட்டோகைனின் வகை. 1957-இல் ஸ்கூக்கும் மில்லரும் புகையிலைத் திசுவில் காட்டியது இது: ஆக்சின் ஓங்கினால் வேர், சைட்டோகைனின் ஓங்கினால் தளிர். வேருக்காகக் காத்திருக்கும் குச்சிக்கு, தளிரைத் தூண்டும் பொருள் நிறைந்த நீரை ஊற்றுவது எதிர்த்திசையில் தள்ளுவது. என் முதல் சுற்றில் ஒன்பது குச்சிகள் அவ்வளவு அவசரமாகத் துளிர்த்ததில் இளநீருக்குப் பங்கு உண்டா என்று பிரித்துச் சொல்ல முடியாது, எல்லாவற்றையும்தான் ஒன்றாகப் போட்டேனே. எப்படியும், சர்க்கரை இருப்பதால் இரண்டு நாளில் கலவை புளித்துவிடும். அது எனக்குப் போதுமான காரணம்.

கற்றாழை? அதன் சோற்றில் 98 சதவீதத்துக்குமேல் தண்ணீர். மீதியில் பெரும்பகுதி வழவழப்பைத் தரும் கூட்டுச்சர்க்கரைகள். அந்த வழவழப்பு வெட்டுவாயில் ஒட்டிக்கொண்டு, ஊன்றும்போது ஏற்படும் உரசலையும் முதல் சில நாள் உலர்வையும் குறைக்கிறது என்பது என் ஊகம். புத்தம்புதிதாக வழித்ததாக இருக்க வேண்டும். அதற்குமேல் அது என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் மூன்றாம் சுற்று.

மூன்றாம் சுற்று: நடுத்துண்டு மட்டும்

18 குச்சிகள், எல்லாமே நடுத்துண்டு. எண் எழுதிய சீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பிரித்தேன். ஆறு கற்றாழை, ஆறு வெறும் தண்ணீர், ஆறு கடையில் வாங்கிய வேர்ப்பொடி. கலவை, கப், மூடி, ஜன்னல் எல்லாம் பழையபடி.

ஐம்பதாம் நாள்: கற்றாழை 4, வெறும் தண்ணீர் 5, வேர்ப்பொடி 5.

ஆறில் நாலுக்கும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு குச்சி. அதை வைத்துக் கற்றாழை கெடுதல் என்று சொன்னால், முன்பு அதைப் புகழ்ந்த அதே தப்பு. எண்ணிக்கையில் மூன்றும் ஒன்றுதான். ஆனால் கப்பைக் கவிழ்த்து வேர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. தண்ணீர்க் குச்சிகளிலும் கற்றாழைக் குச்சிகளிலும் மூன்று, நாலு வேர்கள், பெரும்பாலும் ஒரே பக்கத்திலிருந்து. வேர்ப்பொடிக் குச்சிகளில் சுற்றிலும் எட்டு, பத்து வேர்கள், துடைப்பக் கட்டையைக் கவிழ்த்து வைத்ததுபோல. முதல் வேர் தெரிந்ததும் அதில்தான், இருபத்திரண்டாம் நாள். ஆக்சின் செய்யும் வேலை இது. சமையலறையில் அதற்கு ஈடு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

அதனால் பொடி இல்லாவிட்டால் ரோஜா வராது என்று அர்த்தமில்லை. பொடி இல்லாமல் ஆறில் ஐந்து வந்திருக்கிறது. இப்படி எளிதாகப் பிடிக்கும் கொடி ரோஜாவுக்கு எதுவுமே வேண்டாம். அத்தை முதல் நாளே சொன்னார், “ஊனிட்டு மறந்துடு” என்று. நான்தான் சமையலறைக்குப் போனேன்.

வேர் வந்த பிறகு போனவை

இதை யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால் சொல்கிறேன். இரண்டாம் சுற்றில் பிடித்த 14 குச்சிகளில் மூன்று, வேரோடுதான் செத்தன. ஒரே நாளில் மூடியை எடுத்துவிட்டேன். மூடிக்குள் ஒரு மாதத்துக்குமேல் ஈரக்காற்றில் வளர்ந்த இலைக்கு வெளிக்காற்று தாங்காது. மாலைக்குள் இலை காகிதம்போலச் சுருண்டது. மிச்சம் இருந்தவற்றுக்கு முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று பத்து நாள் பழக்கினேன். ஒன்றும் போகவில்லை.

தொட்டிக்கு மாற்றும்போது வேரைக் கழுவுவது, பிரித்துவிடுவது எதுவும் வேண்டாம். இந்த வேர் வெண்டைப் பிஞ்சுபோல ‘மொடுக்’ என்று ஒடியும். கலவையோடு அப்படியே தூக்கி வைத்தால் போதும். முதல் மாதம் உரம் கிடையாது. முதல் மொட்டு வரும், கிள்ளிவிட வேண்டும். எனக்கு ஒன்றைக் கிள்ள மனம் வரவில்லை, பூக்கவிட்டேன். அந்தச் செடி இன்றும் மற்றவற்றில் பாதி உயரம்தான்.

தாய்ச்செடியையும் பார்த்து எடுக்க வேண்டும். இலையில் மஞ்சள் நிறத்தில் வளைகோடுகளோ வலைப்பின்னலோ இருந்தால் வைரஸ் இருக்கலாம். அதன் குச்சிகளும் அதைச் சுமந்துகொண்டே வரும். ஒட்டுக்கட்டிய செடியாக இருந்தால், ஒட்டுக்குக் கீழே கிளம்பிய கொம்பை வெட்டினால் வேறு ரோஜாதான் கிடைக்கும். காப்புரிமை உள்ள புது ரகங்களை அனுமதியில்லாமல் பெருக்கக் கூடாது. உலகின் முதல் செடிக் காப்புரிமையே 1931-இல் அமெரிக்காவில் ‘நியூ டான்’ என்ற கொடி ரோஜாவுக்குத்தான் கொடுத்தார்கள். அது காலாவதியாகி எவ்வளவோ காலம் ஆயிற்று. அத்தையின் செடி அதுவாகவே இருந்தாலும் கவலையில்லை.

இந்தத் தைரியத்தில் அடுத்து ஒரு மஞ்சள் ரோஜாவில் கை வைத்தேன். பெரிய ஒற்றைப் பூ பூக்கும் ஹைபிரிட் டீ வகை. எட்டுக் குச்சி, எல்லாம் நடுத்துண்டு, வேர்ப்பொடி தொட்டு, அதே கலவை, அதே ஜன்னல், மூடி எடுத்ததும் பத்து நாள் கணக்குப்படி. ஒன்றிலும் பிழை வைக்கவில்லை. மஞ்சள் ரகங்கள் வேர்பிடிக்க முரண்டு பிடிக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன், நம்பவில்லை. ஐந்து குச்சிகளில் காலஸ் மட்டும் பட்டாணி அளவுக்குத் திரண்டு நின்றது, வேர் இல்லை. இரண்டு கறுத்தன. ஒன்று பிடித்தது, எழுபத்து மூன்றாம் நாள். இன்னும் கப்பிலேயே இருக்கிறது. இரண்டு வேர், நாலு இலை.